ஸ்டேஷன் சுவரில் தலை புக் செய்த கதை

முதலில் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன்: முகம் எழுதாத தலைகளைச் சுவரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

சுவரில் படம் எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேறு எதையும் கற்றுத்தரும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் நூல் பிடித்துக் கட்டம் போட்ட காலம் போயே போய்விட்டது. நீங்கள் ப்ரொஜெக்டரில் படத்தை அடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோட்டை முடித்துவிடுகிறீர்கள். சாயத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மரியாதைக்குக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பீர்கள். பாருங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் பொது இடத்துச் சுவர் என்று ஒன்று இருக்கிறதே, அதில் சாயம் பாதி வேலைதான். மீதிப் பாதி, சுவருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து வந்து நிற்கும் ஜனங்கள். அவர்களுக்கு ப்ரொஜெக்டர் கிடையாது.

கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் நடந்தது இது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஸ்டேஷன்காரர்கள் எங்கள் ஊரை ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள்.

ஸ்டேஷன் சுவர்களில் அந்தந்த ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அதுவரை இந்தப் பக்கத்து ஸ்டேஷன் சுவர்களில் என்ன இருக்கும்? ஒரு கதகளி முகம், ஒரு யானை, ஒரு ஹவுஸ்போட். எங்கள் ஊருக்கு ஹவுஸ்போட் வர வேண்டுமானால் லாரியில்தான் வர வேண்டும். அதனால் இந்த உத்தரவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலையை எடுத்தவள் ஷைனி. ஒற்றசேகரமங்கலத்துப் பெண், திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்தவள், சொந்தப் பெயரில் எடுத்த முதல் சுவர் அது. எனக்கு அது கடைசிச் சுவர். முழங்கால் சாரத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நான் கீழே நின்று அடிப்பாகத்தை எழுதுவது, அவள் மேலே நின்று ஆகாயத்தை எழுதுவது என்று ஒப்பந்தம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பழைய சந்தை. ஸ்டேஷன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முன்பு சந்தை கூடும். மரச்சீனிக்கிழங்கு, கருப்பட்டி, வாழைக்குலை, கோழி, குடை பிடித்த சர்ச் உபதேசியார், மரத்தடியில் சவரம், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் நேராக நம்மைப் பார்த்து வருவது போல வரைந்தோம். ரயில்வேக்காரர்களுக்கு எங்கேயாவது ஒரு ரயில் வேண்டுமே, அதைக் கூட்டத்துக்குப் பின்னால் தூரத்தில் நிறுத்தினோம். உடம்பு, துணி, சுமை எல்லாம் முடித்தாகிவிட்டது. முகத்தை நான் எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன். அதனால் கூட்டம் முழுக்க வெறும் முட்டை முட்டையாகத் தலைகள்.

அப்போதுதான் பேபி வந்தாள்.

பேபி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். அந்த ஸ்டாண்டில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் அவள் வாய்க்குப் பயந்து முறை வைத்து ஒழுங்காகச் சவாரி எடுக்கிறார்கள். சுவரின் ஒரு ஓரத்தில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், தலையில் வாழைக்குலை சுமந்து ஒரு ஆள் வருவார். அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தாஸண்ணா, இது ஆரு?"

"யாருமில்ல பேபி. ஒரு குலைக்காரரு."

"ஆருமில்லேங்கில் இது எனக்க அப்பாவாக்கும்," என்றாள். என் காலடியில் கிடந்த சாக்பீஸை எடுத்தாள். அந்த முட்டைத் தலைக்குள் 'பேபிக்க அப்பா. புக்' என்று எழுதினாள். சாக்பீஸை என் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு, நாகர்கோவில் வண்டி வருகிற சத்தம் கேட்டு ஓடிவிட்டாள்.

நீங்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தால் இந்த 'புக்' உங்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் தேர்தலுக்கு ரொம்ப முன்னாலேயே கட்சிக்காரர்கள் சுவர் பிடித்துவிடுவார்கள். ஒரு கை வெள்ளையடித்து, கட்சிப் பெயரைப் போட்டு, 'புக்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. எதிர்க்கட்சிக்காரன் அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோக மாட்டான். அடிதடி நடக்கும், கொடிக்கம்பத்தைப் பிடுங்குவார்கள், சம்பந்தம் பேசிய கல்யாணம்கூட நின்றுபோகும், ஆனால் புக் செய்த சுவரைத் தொட மாட்டார்கள். நான் பாதி வாழ்நாள் அந்தச் சுவர்களில்தான் சோறு தின்றேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதன்மேல் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சுவரில் எழுதிய 'புக்' மேல் உண்டு.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறோம், சுவரில் ஒரு முட்டைத் தலை மிச்சமில்லை.

சாக்பீஸ், கரி, செங்கல் துண்டு, ஒரு இடத்தில் லிப்ஸ்டிக். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. 'குஞ்சன் வைத்தியர், புக்.' 'டீச்சருக்க அப்பூப்பன், புக்.' எங்கள் பக்கத்தில் தாத்தாவை அப்பூப்பன் என்போம். உபதேசியாருக்கு நாலு குடும்பம் போட்டி, அதனால் அவர் தலைக்குள் இடம் போதாமல் குடையிலும் எழுதியிருந்தார்கள். சவரம் செய்கிறவரின் தலை புக் ஆகியிருந்தது, சவரம் செய்துகொள்கிறவரின் தலையும் புக் ஆகியிருந்தது. ஆட்டின் தலையில்கூட ஒருவர் எழுதிப் பிறகு அழித்திருந்தார். ஷைனி சாரத்தின் கீழே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைதான் நீடித்தது.

மத்தியானம் ஆட்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே குறை. அவர்கள் புக் செய்த தலைக்குக் கீழே இருக்கும் உடம்பு சரியில்லை.

"எனக்க அப்பூப்பன் கிழங்கு விக்கதா? நல்லா இருக்கே! அவரு பஞ்சாயத்து பேசின ஆளாக்கும்."

"கிழங்குக் கூடைக்க பொறத்த நிக்காரு, அவ்வளவுதான் அம்மா. விக்கிறாருன்னு நான் சொல்லலையே."

"நிக்கதுக்கு அவருக்கு வேற இடம் இல்லியா?"

எல்லாருக்கும் டிக்கெட் கவுண்டர் பக்கம்தான் வேண்டும். அதுதான் நல்ல வெளிச்சம் விழும் இடம். கழிப்பறைப் பக்கம் யாருக்கும் வேண்டாம். சந்தைக்கு வந்த அத்தனை பேரும் கடை முதலாளிகள், வாங்க ஆளில்லை என்ற நிலை. கடைசியில் ஒரே ஒரு தலை பற்றித்தான் தகராறே வரவில்லை. அது கூட்டத்தின் நடுவில், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஒரு கோழியைத் துரத்திப் போகிற ஆள். அவர் ரயில் பக்கமாக ஓடுகிறார், அதனால் முதுகுதான் தெரியும். முகமே இல்லாத அந்த ஆளை யாரும் புக் செய்யவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு மெம்பர் சுகுமாரன் நல்ல மனுஷர். பிரச்சினை எங்கே இருந்தாலும் அங்கே போய் நிற்பார். அவர் நின்ற பிறகு பிரச்சினை இன்னும் கொஞ்சம் பெரிதாகும், அது வேறு விஷயம். அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: போட்டோ கொண்டுவருகிறவர்களுக்கே தலை. யோசித்துப் பார்த்தால் நியாயமான சட்டம்தான். நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து யாரை வேண்டுமானாலும் தாத்தா என்று சொல்லலாம் இல்லையா?

போட்டோக்கள் வந்தன. கல்யாணக் கூட்டத்தில் பேனாவால் வட்டம் போட்டது. சாவு வீட்டில் எடுத்தது, அதில் மூக்கில் பஞ்சு. ஒருவர் கல்லறையைப் படம் எடுத்து வந்தார், பெயர் தெளிவாகத் தெரிகிறது என்றார். இன்னொருவர் வளைகுடாவில் இருக்கும் தன் மகனின் விசா போட்டோவைக் கொடுத்து, தாத்தா இதே சாயல்தான், மீசையை மட்டும் கொஞ்சம் வளர்த்துவிடுங்கள் என்றார். எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறை கேமரா முன்னால் நின்றவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறார்கள். ஷைனி இரண்டு மூன்று முகங்களைத் தாளில் எழுதி உடம்புகள் மேல் ஒட்டிப் பார்த்தாள். கருப்பட்டி வாங்க வந்தவர்களை யாரோ போலீஸ் ஸ்டேஷனில் வரிசையாக நிறுத்தியதுபோல் இருந்தது.

பேபிதான் போட்டோ கொண்டுவரவில்லை.

"என்னட்ட போட்டோ இல்ல தாஸண்ணா. அன்னைக்கு நெய்யாற்றின்கரையில ஸ்டூடியோ உண்டு. எனக்க அப்பா அதுக்க வாசல்ல குலை எறக்கி வச்சதோட செரி. உள்ள ஏறினதில்ல."

அவள் அப்பா சந்தைச் சுமைக்காரர். அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். இவ்வளவும் அவள் அன்றைக்குத்தான் சொன்னாள். மெம்பர் முகத்தைச் சுளித்தார், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் அவர் போட்ட சட்டம். அதற்குள் தலை கிடைக்காத ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் ஃப்ரேம் போட்ட பெரிய போட்டோவோடு வந்து, கழிப்பறைப் பக்கத்துத் தலை ஆனாலும் பரவாயில்லை, குலையை எடுத்துவிட்டுக் கையில் ஒரு தோல்பெட்டி கொடுத்தால் போதும் என்றார். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் வரை பார்ப்போம், அதற்குள் பேபி ஏதாவது படம் கொண்டுவந்தால் சரி, இல்லையென்றால் தோல்பெட்டி என்று மெம்பர் தீர்ப்புச் சொன்னார்.

நான் பேபியிடமிருந்து நல்ல வார்த்தைகள் சிலவற்றை எதிர்பார்த்தேன். முந்தின நாள்தான் அந்தக் கழிப்பறை ஓரத்தை யாரோ கேலி செய்தபோது அவள் கொடுத்த பதில் எனக்கு மறக்காது. "கக்கூசுக்குப் போவாத மனுசன் உண்டா? எல்லாவனும் எனக்க அப்பாவப் பாத்துட்டுத்தான் போவணும்!" அப்படிப்பட்டவள், அன்றைக்கு "செரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆட்டோவைச் சுவர் தெரியாத பக்கமாகத் திருப்பி நிறுத்த ஆரம்பித்தாள். அவள் அப்பாவை எப்படியாவது அந்தச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன், எப்படி என்றுதான் தெரியவில்லை. தெரியாத ஒரு முகத்தைப் போட்டு இதுதான் உன் அப்பா என்று நான் கொடுத்திருக்கலாம். நீங்களும் ஒரு நாள் அப்படிச் செய்ய ஆசைப்படுவீர்கள். வேண்டாம். வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு நடுவில், எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த ரயில்வே ஆபீசருக்குப் புகார் போய்விட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உபதேசியார் குடை பற்றி, இன்னொன்று டிக்கெட் கவுண்டர் பக்கம் ஒரே குடும்பத்துக்கு மூன்று தலை என்று. ஆபீசர் ஷைனியைப் போனில் கூப்பிட்டார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு புகார் வந்தால் சுவர் முழுக்க க்ரீம் கலர் அடித்துவிடுவேன், ஒரு கதகளி ஃப்ளெக்ஸ் தயாராகவே இருக்கிறது, ஒட்டினால் வேலை முடிந்தது என்றார். போனை வைத்த பிறகு ஷைனி என்னைப் பார்த்தாள்.

"கதகளி முகத்துக்கும் ஆராவது அப்பூப்பன்னு சொல்லி வருவாங்களா அண்ணா?"

"அந்தப் பச்சை நிறத்துக்கு எங்க குடும்பத்துல ஆருமில்ல," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே மெம்பர் ஸ்டேஷன் காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் போட்டார். வந்திருந்தவர்களை உட்கார வைக்க பெஞ்சு போதவில்லை. கோயில் பக்கத்துக் குடும்பங்கள், சர்ச் பக்கத்துக் குடும்பங்கள், ஃபர்னிச்சர் கடைக்காரர் ஃப்ரேமோடு. பேபி உள்ளே வரவில்லை, வாசல் தூணில் சாய்ந்து நின்றாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதுவும் தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் மலையாளத்துக்குப் போய், ரொம்பக் கோபம் வந்ததும் இங்கிலீஷுக்குப் போனார்கள். நாலாவது பெஞ்சில் ஒருவர் மூன்றாவது புகாரை எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் பேனாதான் கண்ணில் பட்டது.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேசுவீர்கள். நானும் பேசத்தான் வாயைத் திறந்தேன். நல்ல காலம், பாசஞ்சர் வந்துவிட்டது.

வண்டியிலிருந்து இறங்கியவர்களில் ஒரு வயசானவர், கையில் ஒரு துணிப்பை, மருமகனோடு எங்கோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று சுவரைப் பார்த்தார். முட்டைத் தலைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப்போன கண் நடுவில் நின்றது. துணிப்பையைக் கீழே வைத்தார்.

"எலே சுகுமாரா!" என்று மெம்பரைக் கூப்பிட்டார். "இது உனக்க அப்பூப்பனில்லா?"

மெம்பர் தன் தாத்தாவுக்கு டிக்கெட் கவுண்டர் பக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தரகர் தலையை புக் செய்திருந்தார். வயசானவர் விரல் நீட்டியது கோழிக்குப் பின்னால் ஓடுகிற ஆளை.

"அந்த ஓட்டத்தப் பாருங்கலே! எடது கையி வேட்டியப் பிடிச்சிருக்கு, வலது கையி காத்தப் பிடிக்குது. அவரு கோழிய விட்டுட்டு வாங்கின ஏச்சு எனக்கு ஞாபகம் உண்டு. இத வரச்சது ஆரு? அவர நேர்ல பாத்ததுபோல இருக்கே."

நான் மெம்பரின் தாத்தாவை வாழ்நாளில் பார்த்ததில்லை. அது என் பக்கத்து வீட்டுக்காரர் தன் கோழிக்குப் பின்னால் ஓடிய ஓட்டம். ஆனால் அதைச் சொல்லக்கூடிய நேரமா அது? முதலில் ஒரு பெஞ்சு சிரித்தது, பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. மெம்பரின் காது சிவந்தது. எழுந்து போய்ச் சுவர் அருகே நின்று குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செரிதான்," என்றார் கடைசியில். "இந்தக் கழுத்து எனக்க அப்பூப்பனுக்க கழுத்துதான். அவரு வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் நடப்பாரு." அந்தக் கழுத்தின் மேல் விரலை வைத்தார். "போட்டோவுல இது இல்ல, கேட்டியளா. போட்டோவுல அவரு வேற ஆருக்கோ அப்பூப்பன்போல இருக்காரு."

அப்போதுதான் தூணில் சாய்ந்திருந்த பேபி பேசினாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்வது போலத்தான் சொன்னாள்.

"எனக்கும் முகம் கேட்டாத்தான் தெரியாது. முதுகு கேளுங்க, சொல்லுதேன்."

எல்லாரும் திரும்பினார்கள். நான் "சொல்லு பேபி" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கு எனக்கும் அதே வழி. அப்பா முன்ன போவாரு, நான் பொறத்த. தலையில குலை இருந்தா நிக்கவும் ஒக்காது, திரும்பிப் பாக்கவும் ஒக்காது இல்லியா? விறுவிறுன்னு போவாரு. நான் ஓடி ஓடிப் போவேன். வலது தோளு கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். பனியன்ல முதுகுப் பக்கம் ஒரு கிழிசல், அம்மை அத வெள்ள நூலு இல்லாம கறுப்பு நூலுல தச்சிருப்பா. நான் அந்தக் கறுப்பு நூலப் பாத்துட்டே ஓடுவேன். வழியில ஒரு சுமைதாங்கிக் கல்லு உண்டு, அதுக்கிட்ட எத்தினாத்தான் குலைய எறக்குவாரு. அங்க வச்சுத்தான் திரும்பி, நான் வாறேனான்னு பாப்பாரு." ஆட்டோ சாவியைக் கை மாற்றினாள். "பாத்திருப்பாரு. எனக்கு அந்த முகம் ஞாபகமில்ல. முதுகு மட்டும் உண்டு."

நாலாவது பெஞ்சில் பேனா நின்றுவிட்டது. அவர் எழுதியதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

நான் ஷைனியைப் பார்த்தேன், அவள் ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தொழிலில் இருக்கிறவர்களுக்குள் வார்த்தை வேண்டாத சில நிமிஷங்கள் உண்டு. எங்கள் சுவரில் இருந்தவை முகம் எழுதாத தலைகள். முட்டைக்குள் கண்ணும் மூக்கும் வைத்தால் முன்பக்கம். அதே முட்டையில் கறுப்பாக முடியை எழுதினால் பின்பக்கம். கூட்டம் முழுவதையும் திருப்பிவிடலாம். தூரத்தில் ரயில் வேறு நிற்கிறது, சந்தை முடிந்து எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள்.

"எல்லாரையும் திருப்பீரலாமா?" என்று ஷைனி கூட்டத்தைக் கேட்டாள்.

"முதுகுக்கு ஆருட்ட போட்டோ உண்டு?" என்றார் ஃபர்னிச்சர் கடைக்காரர், ஃப்ரேமை மார்போடு பிடித்துக்கொண்டு.

"ஆருட்டயும் இல்ல," என்றார் மெம்பர். "அதனால ஆருக்கும் வேண்டாம். சட்டம் மாறியாச்சு."

அடுத்த சில நாட்களில் வந்த மாதிரி ஒரு சந்தோஷம் இந்தத் தொழிலில் எனக்கு வந்ததில்லை. ஜனங்கள் மறுபடியும் வந்தார்கள், இந்த முறை கையில் ஒன்றுமில்லாமல். வந்து நடந்து காட்டினார்கள். ஒரு பேங்க் மானேஜர் பிளாட்பாரத்தில் கையைப் பின்னால் கட்டி, தன் பெரியப்பா எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினார், வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். குடையை அக்குளில் இடுக்குவதா, கழுத்துப் பட்டையில் மாட்டுவதா என்பதில் உபதேசியாரின் நாலு குடும்பமும் முதல்முறையாக ஒரே கருத்து சொன்னது. நாங்கள் சட்டைப் பொத்தான்களை அழித்தோம், கால்விரல்களைக் குதிகால்களாக்கினோம். ரயிலை நெருங்க நெருங்கத் தலை சின்னதாகும் என்பதால் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருந்தது, ஃபர்னிச்சர் கடைக்காரரின் அப்பாவுக்கும் தோல்பெட்டியோடு இடம் கிடைத்தது. அவசரத்தில் ஒரே ஒரு ஆளின் பாதத்தைத் திருப்ப மறந்துபோனோம். முதுகு ரயில் பக்கமும் கால்விரல் நம் பக்கமுமாக இன்னும் நிற்கிறார். டிக்கெட் எடுக்காதவர் என்று ஊரில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேபியின் அப்பாவை நான் எழுதினேன். வலது தோளைத் தாழ்த்தினேன். பனியன் கிழிசலைக் கறுப்பு நூலில் தைத்தேன். அந்தத் தையலுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஷைனி பாதி ஆகாயத்தை முடித்துவிட்டாள். பேபி ஆட்டோவை இன்னும் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. முடியட்டும், அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

திறப்பு விழா அன்று ஆபீசர் வந்தார். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தார். எல்லாரும் ஏன் திரும்பி நிற்கிறார்கள் என்று மலையாளத்தில் கேட்டார். வண்டிக்குப் போகிறார்கள் சார் என்றாள் ஷைனி. ஆபீசர் தூரத்து ரயிலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், முதல்முறையாகச் சிரித்தார். வரலாற்றுச் சித்திரம் என்று சொல்லி நிறையச் சுவர்களைப் பார்த்துவிட்டேன், ஜனங்கள் ரயிலில் ஏற ஆசைப்படுகிற மாதிரி ஒன்றும் பார்த்ததில்லை என்றார். கதகளி ஃப்ளெக்ஸ் எந்த ஸ்டேஷனுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்து, டீ கிளாஸ்கள் காலியான பிறகுதான் பேபி உள்ளே வந்தாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஆட்டோ சாவி. கழிப்பறை ஓரத்துக்குப் போய் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்தாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது, அவள் அந்த முதுகைப் பார்த்த உயரம் அது. அங்கிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், கறுப்பு நூலைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண் அவரைத் தாண்டி முன்னால் போயிற்று.

அவருக்குக் கொஞ்சம் முன்னால், வழியோரத்தில், ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. அதை நான் எழுதவில்லை. அப்படி ஒன்று எங்கள் வரைபடத்திலேயே இல்லை. நான் ஷைனியைப் பார்த்தேன். அவள் பிரஷ்களைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள், ஏற்கெனவே கழுவின பிரஷ்களை.

"இன்னும் கொஞ்சந்தான்," என்றாள் பேபி சுவரைப் பார்த்து. அதை எங்களிடம் சொல்லவில்லை.

வாசலில் யாரோ ஆட்டோ, ஆட்டோ என்று கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "தாஸண்ணா, கக்கூசுக்குப் போறவனுவ கைய அங்க தொடச்சா என்னட்ட சொல்லணும்" என்றாள். போகிற போக்கில் ஸ்டாண்டில் எவனோ முறை தவறி நிறுத்தியிருந்ததற்கு அவள் கொடுத்த ஏச்சு பிளாட்பாரம் வரை கேட்டது. அன்றைக்கே ஆட்டோவைச் சுவர் தெரியும் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டாள்.

சாயம் நிரந்தரம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அந்தச் சுவர் உரியும், அதைப் புதுப்பிக்க உங்களில் யாரையாவது அனுப்புவார்கள். உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். ஆகாயத்தை மாற்றலாம், கோழிக்கு நிறம் மாற்றலாம், டிக்கெட் எடுக்காதவரின் பாதத்தைத் திருப்பி அவரைக் காப்பாற்றலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறை ஓரத்தில் நிற்கும் அந்தச் சுமைதாங்கியை, அழகுக்காகக்கூட, குலைக்காரரிடமிருந்து தள்ளி வைத்துவிடாதீர்கள். பின்னால் வருகிறவளுக்கு இப்போது முழங்கால் வலி.